கழிநீர் வழியும் காப்பும்

வீட்டிற்குள் நீரைக் கொணர்தல் எத்துணை இன்றியமையாததோ, பயன்பட்டுக் கழிந்த நீரை வெளியேற்றுதலும் அத்துணை இன்றியமையாதது. கழிநீர் செல்லும் வழியைப் பண்டையோர் அங்கணம் என வழங்கினர். திருக்குறளிலும் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. பாதாளச் சாக்கடை அமையாத ஊர்களில், இக்காலத்து வீடுகள் பலவற்றின் கழிநீர் நிலத்தடியிற் கட்டப்பெற்ற செப்டிக் தொட்டியைச் சென்றடைகின்றது.

இத்தொட்டியை வெறுங்குழி என எண்ணுதல் பிழை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அதனுள் வாழ்கின்றன. காற்றுப் புகாத அவ்விடத்தில் அவை கழிவைச் சிதைத்து நீர்மமாகவும் வளியாகவும் மாற்றுகின்றன. சிதையாதது வண்டலாய் அடியிற் படியும். எண்ணெய்ப் பசை ஆடைபோல் மேலே மிதக்கும். இடைநின்ற நீரே வெளியேறும். கூலி வேண்டாது இரவும் பகலும் உழைக்கும் இவ்வேலையாட்களை வீட்டாரே கொல்லுதல் நன்றோ?

குழாய் அடைபட்டவுடன் பலர் ஆசிட் வாங்கிவந்து புட்டி புட்டியாக ஊற்றுகின்றனர். அஃது அடைப்பை நீக்கினும் நீக்கும், நீக்காதும் ஒழியும். மிகுதியாகத் தொட்டியை அடையின் நுண்ணுயிர்களை மாய்க்கும். பின்னர் வண்டல் விரைந்து நிறையும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆசிட் ஊற்றிய குழாயிற் பிளீச்சிங் பவுடரையும் இட்டால், குளோரின் என்னும் நச்சு வளி எழும். கதவடைத்த குளியலறையில் அதனை உட்கொண்டவர் நுரையீரல் புண்பட்டு உயிர்க்கே இடர் எய்துவர்.

ஆதலின், அடைப்பு எங்குளது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஒரு வாயிலில் மட்டும் நீர் தேங்கின், அடைப்பு அதனருகே உளது. சல்லடைத் தட்டை நீக்கிக் கையுறை அணிந்து தலைமயிரையும் சோப்புக் கசட்டையும் வெளியே எடுத்தல் வேண்டும். சமையலறை எண்ணெய்ப் பசையைச் சுடுநீர் இளக்கும். கொதிநீர் பிளாஸ்டிக் குழாயை நெகிழ்த்துவிடுமாதலின், அத்துணைச் சூடு வேண்டா. பின்னர், ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலை வாயிலின்மேல் வைத்துப் பன்முறை அழுத்தி எடுப்பின், பெரும்பாலான அடைப்புகள் அசைந்து கொடுக்கும். மூங்கிற் பிளாச்சினாற் குத்துதலும் வழக்கம். வளைந்த குழாயினுள் அது முறிந்து தானே அடைப்பாகிவிடுதலும் உண்டு. முன்பே ஆசிட் ஊற்றப்பட்டிருப்பின், இவற்றுள் எதனையும் செய்தல் ஆகாது. தெறிக்கும் துளி கண்ணைக் கெடுக்கும்.

எல்லா வாயில்களிலும் நீர் ஒருங்கே தேங்கினால், குற்றம் தொட்டியிலோ அதற்குச் செல்லும் பெருங்குழாயிலோ இருக்கும். அந்நிலையில் எதை ஊற்றியும் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, உறிஞ்சுகுழாய் பூட்டிய ஊர்தியைக் கொண்டு வண்டலை அகற்றுதலே நெறி. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தலும் தீது. தொட்டியுள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வளி தங்கியிருக்கும். அழுகிய முட்டைபோன்ற அதன் நாற்றம் எச்சரிக்கை செய்யாதோ எனின், செய்யாது. வளி மிக்கவிடத்து மூக்கு மணமறியும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றமில்லை என்று இறங்கினவர் நொடியிற் சாய்வர். அவரைக் காக்க இறங்கினவரும் உடன் மாய்வர்.

பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைத் தொட்டியுள் இறக்கித் துப்புரவு செய்வித்தலை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஊர்தியோடு வரும் தொழிலாளர்க்கு, குழாயில் முன்னர் யாது ஊற்றப்பட்டது என்பதை வீட்டார் மறையாது கூறுதல் வேண்டும்.