பை நிறைந்தால் பயணம் நிற்கும்

"அண்ணே, பேக் ஃபுல் ஆயிடுச்சு. இனிமே ஒண்ணும் எடுக்க முடியல!"

கைப்பேசியில் சாகச விளையாட்டு ஆடும் எந்தத் தம்பி தங்கையைக் கேட்டாலும் இந்தப் புகார் வரும். ஜொகூர் பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும் நேரத்தில் விளையாடுகிற அண்ணன்மாரும் அக்காமாரும் இதையே சொல்வார்கள். வாள், கவசம், மருந்து, பழம், கல் எனக் கிடைத்ததையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டாயிற்று. இப்போது உண்மையிலேயே வேண்டிய ஒரு பொருள் எதிரில் கிடக்கிறது. எடுக்க இடமில்லை.

"விளையாடாதே" என்று சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. பையை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொள்வோம். அந்தப் பழக்கம் வேறு எங்கெல்லாம் உதவும் என்பதையும் பார்ப்போம்.

1. பை ஏன் சின்னதாக இருக்கிறது?

போக்கிமோன் கோ நம் நாட்டுக்கு வந்தது 2016 ஆகஸ்டில். அப்போது ஒரு புதிய ஆட்டக்காரரின் பையில் 350 பொருள்களுக்கு இடம் இருந்தது. கூடுதலாக 50 இடம் வேண்டுமென்றால் 200 நாணயம் கட்ட வேண்டும். காசு போட்டு நாணயம் வாங்கலாம். இல்லையென்றால் ஜிம்மில் நம் போக்கிமோனைக் காவலுக்கு நிறுத்தி ஈட்டலாம். 2017இல் ஜிம் விதிகள் மாறிய பிறகு, 10 நிமிடக் காவலுக்கு 1 நாணயம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 என்று கணக்கு வைத்தார்கள்.

கூட்டிப் பாருங்கள். 50 நாணயத்துக்கு 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடக் காவல். 200 நாணயம் சேர முழுசாக நாலு நாள். அப்படிக் கிடைத்த 50 இடம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு போக்கிஸ்டாப்பைச் சுற்றினால் மூன்று பொருள் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 17 சுற்றில் நிறைந்துவிடும். ஹுத்தான் பண்டாரில் ஒரு மாலை நடந்தாலே போதும். நாலு நாள் உழைப்பு ஒரு நடையில் காலி!

விளையாட்டுக்காரர்கள் பையைத் தெரியாமல் சின்னதாகத் தைக்கவில்லை. இடம் பற்றாமல் நாம் தவிக்கும் அந்த நிமிடத்தில் கடைப் பக்கம் திறக்கிறது. பையை ஒழுங்கு பண்ணத் தெரியாதவர் அங்கே பணம் கட்டுகிறார். பல வீடுகளில் அது அப்பா அம்மாவின் பணம் என்பதை மறக்க வேண்டாம்.

2. 1500இல் 20

இன்னொரு கணக்கு. ஜென்ஷின் இம்பேக்ட் 2020 செப்டம்பர் 28ஆம் தேதி வெளிவந்தது. அதில் ஒவ்வொரு பாத்திரமும் ஐந்து ஆர்ட்டிஃபேக்ட் அணியலாம்: பூ, இறகு, மணற்கடிகாரம், கிண்ணம், கிரீடம். ஓர் அணியில் நான்கு பாத்திரங்கள். ஆக, ஓர் அணி அணிந்திருப்பது 20 ஆர்ட்டிஃபேக்ட். ஒரு காலத்தில் பையில் இருந்த இடமோ 1500!

பை நிறைந்தவர் 20 அணிந்துகொண்டு மீதி 1480ஐச் சுமக்கிறார். சரி, இருபது பாத்திரங்களை வளர்க்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 100தான் வேலை செய்கிறது. மீதி 1400 "பிறகு உதவும்" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475ஆம் குறளில், மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். மயிலிறகுக்கு எடை ஏது? ஆனால் அளவு மீறி ஏற்றினால் அதே இறகு அச்சை முறித்துவிடும் என்கிறார். பையை நிறைக்கிற ஒவ்வொரு பொருளும் "இது சின்னதுதானே" என்று சொல்லித்தான் உள்ளே வருகிறது.

3. ஏன் தூக்கிப் போட மனசு வரல?

இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. மனித மனம் அப்படி. ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை கொடுத்து, "எவ்வளவுக்கு விற்பாய்?" என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் "எவ்வளவுக்கு வாங்குவாய்?" என்று கேட்டார்கள். குவளை ஒன்றுதான். ஆனால் கையில் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். 'என்னுடையது' ஆனவுடனே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது. தேலருக்கு 2017இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே "இதை வீசலாமா?" என்று கேட்டால் மனம் எப்போதும் "வேண்டாம்" என்றே சொல்லும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இது என்னிடம் இல்லையென்றால், இதைத் தேடி இன்று போவேனா?" போக மாட்டேன் என்றால் விடை தெரிந்துவிட்டது.

4. தொழிற்சாலையிலிருந்து ஒரு முறை

உங்கள் வீட்டில் யாராவது பாசிர் கூடாங்கிலோ தெப்ராவிலோ தொழிற்சாலையில் வேலை செய்கிறார்களா? அவர்களிடம் '5 எஸ்' என்றால் என்ன என்று கேளுங்கள். ஜப்பானியர் உருவாக்கிய முறை இது. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என ஐந்து சொல். அதை அப்படியே விளையாட்டுப் பையில் போட்டுப் பார்ப்போம்.

செய்ரி, அதாவது பிரித்தல். ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு? எப்போது? போனால் திரும்பக் கிடைக்குமா? முதல் இரண்டுக்கும் பதில் இல்லை, மூன்றாவதற்கு "கிடைக்கும்" என்றால் போகட்டும். திரும்பவே கிடைக்காத விழாக்காலப் பொருள் என்றால் மட்டும் நிதானியுங்கள்.

இங்கே எண்களும் உதவும். போக்கிமோன் கோவில் சாதாரண மருந்து 20 புள்ளி குணமாக்கும். ஹைப்பர் மருந்து 200. இரண்டும் பையில் பிடிப்பது ஒரே ஓர் இடம். ஒரு ஹைப்பர் இருக்கும் இடத்தில் பத்து சாதாரண மருந்து எதற்கு? முதலில் அவற்றைப் பயன்படுத்தித் தீருங்கள். குப்பையில் போட்டால் பதிலுக்கு ஒன்றும் வராது. பழம் மிஞ்சினால் ஜிம்மில் நிற்கும் போக்கிமோனுக்கு ஊட்டுங்கள், ஸ்டார்டஸ்டாவது கிடைக்கும்.

செய்டோன், அதாவது அடுக்குதல். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எல்லை வையுங்கள். 350 இடமுள்ள பைக்கு ஒரு மாதிரி: பந்து 160, மருந்தும் உயிர்ப்பியும் 60, பழம் 50, மற்றவை 30. மொத்தம் 300. மீதி 50 காலியாகவே இருக்கட்டும். காலி இடமும் ஒரு பொருள்தான். பை திறந்தவுடன் வேண்டியது கைக்கு வர வேண்டும்.

செய்சோ, அதாவது துப்புரவு. ஜென்ஷினில் முதலில் நல்லதைப் பூட்டுங்கள், பிறகு கழியுங்கள். பூவும் இறகும் எப்போதும் ஒரே முதன்மைப் பண்போடு வரும். மற்ற மூன்றுக்கும் அது மாறும், அதனால் அங்கேதான் கண் வேண்டும். நீங்கள் ஆடுகிற பாத்திரத்துக்கு அந்தப் பண்பு பொருந்தாவிட்டால், ஐந்து நட்சத்திரமாக இருந்தாலும் அது வேறு ஆர்ட்டிஃபேக்டுக்குத் தீனிதான். சந்தேகமா? 4ஆம் லெவல் வரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரிவராவிட்டால் தீனியாகப் போடுங்கள். செலவழித்த அனுபவப் புள்ளியில் 80 விழுக்காடு திரும்பி வரும்.

செய்கெட்சு, அதாவது முறைப்படுத்துதல். மேலே சொன்ன எல்லைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்தால் அலுப்பு வரும், அலுப்பு வந்தால் விட்டுவிடுவோம்.

ஷிட்சுகே, அதாவது பழக்கம். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பூசை விளக்கைத் தேய்த்து வைப்பார்கள் அல்லவா? அதே மாதிரி வாரம் ஒரு நாள், பத்து நிமிடம். பை நிறைந்த பிறகு செய்யாதீர்கள். அவசரத்தில் பிரிப்பவர் நல்லதை வீசிவிட்டு வீண் பொருளை வைத்துக்கொள்வார்.

5. கர்ணனின் ஆயுதம்

"அப்படீன்னா அபூர்வப் பொருளை எல்லாம் பத்திரமா வச்சுக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். மகாபாரதத்தைப் பாருங்கள்.

கர்ணன் தன் கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் சக்தி ஆயுதம் பெற்றான். ஒரே ஒரு முறைதான் எறிய முடியும். யாருக்காக வைத்திருந்தான்? அர்ச்சுனனுக்காக. நம் முதல் கேள்விக்கு அவனிடம் தெளிவான பதில் இருந்தது. ஆனால் துரோண பருவத்தில், இரவுப் போரில், கடோற்கசன் கௌரவர் சேனையைத் துவம்சம் செய்கிறான். சேனை கதறுகிறது. அந்த இரவைச் சமாளிக்கக் கர்ணனுக்கு வேறு எதுவும் பலிக்கவில்லை. சக்தியை எறிந்தான். கடோற்கசன் விழுந்தான், ஆயுதம் இந்திரனிடமே போய்விட்டது. அர்ச்சுனனுக்கென்று வைத்தது அர்ச்சுனனுக்கு இல்லாமல் போனது.

அன்றாட ஆபத்துக்கு அன்றாடப் பொருள் போதுமான அளவு இருந்தால்தான் அபூர்வப் பொருள் அதன் நாள் வரை பத்திரமாக இருக்கும். பை முழுக்க அபூர்வமானதையே அடுக்கி, சாதாரண மருந்துக்கு இடம் வைக்காதவர், சின்னச் சண்டையிலேயே பெரிய மருந்தைக் குடித்துத் தீர்ப்பார். எல்லை வைத்து அடுக்கச் சொல்வது இதனால்தான்.

6. இதற்கு நம் சமயத்தில் ஒரு பெயர் உண்டு

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களைச் சொல்கிறார். கொல்லாமை, உண்மை, திருடாமை, பிரம்மச்சரியம், ஐந்தாவதாக அபரிகிரகம். தேவைக்கு மேல் பற்றிச் சேர்க்காமை என்று பொருள். "ஒன்றும் வைத்துக்கொள்ளாதே" என்று இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. இல்லறத்தில் இருக்கிற நமக்கு அது கேள்வியாக வருகிறது: நான் வைத்திருப்பது எனக்கு உதவுகிறதா, நான் அதற்குக் காவல் நிற்கிறேனா?

வள்ளுவரும் பொருளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 385ஆம் குறளில் அரசனுக்கு நான்கு வேலை கொடுக்கிறார்: வருவாய்க்கு வழி செய்வது, சேர்ப்பது, காப்பது, காத்ததைப் பகுத்துச் செலவிடுவது. நம்மில் பலர் மூன்றாவதோடு நின்றுவிடுகிறோம். நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் சுமைதான்.

திரையில் ஒரு பொருளை விடுவதால் ஒன்றும் நஷ்டமில்லை. அதனாலேயே விடப் பழகுவதற்கு அது நல்ல இடம். அங்கே கை பழகிவிட்டால் அலமாரியில் இருக்கும் சின்னதாகிப் போன சட்டை, படித்து முடித்த பாடப் புத்தகம், பெட்டியில் கிடக்கும் பழைய கைப்பேசி ஆகியவற்றிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்க முடியும். ஒரு வித்தியாசம் மட்டும்: அங்கே "யாருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. உங்கள் விளையாட்டுப் பையில் மொத்தம் எத்தனை பொருள்? சென்ற ஏழு நாளில் உண்மையாகப் பயன்படுத்தியவை எத்தனை? இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.

2. பை இடத்துக்காக இதுவரை கட்டிய தொகை எவ்வளவு வெள்ளி? கைப்பேசியின் செயலிக் கடையில் வாங்கிய பட்டியல் இருக்கும். பெற்றோரோடு சேர்ந்து பாருங்கள்.

3. கலந்துரையாடலுக்கு: கர்ணன் சக்தி ஆயுதத்தை எறியாமல் இருந்திருக்க வேண்டுமா? சேனை அழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சரியா? இரு பக்கமும் பேச இருவர் இருவராகத் தயாராகி வாருங்கள்.