கட்டிப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி



2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டார்கள். இத்தகையவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் விரோதிகள் அல்லர். பெற்ற தாய் தகப்பன்மாரும் உடன்பிறந்தாருமே. சுகம் கிடைக்குமென்று நம்பியே விடுகிறார்கள்.

இது வேறு மதத்தாரின் தலத்தில் நடந்ததென்று நாம் கைகழுவிவிட இயலாது. நம் யாத்திரைத் தலங்களுக்கும் இப்படிப்பட்டவர்களை அழைத்து வருகிறார்கள். நம் கிராமங்களிலும், நடவு நாளிலும் அறுப்பு நாளிலும், புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டு வயலுக்குப் போக நேரிடும் குடும்பங்கள் உண்டு.

மனநோய் வேறு, புத்தி வளர்ச்சிக் குறைவு வேறு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தினால் தணியக்கூடியது. புத்தி வளர்ச்சிக் குறைவோ பிறவியிலாவது சிறுவயதிலாவது தொடங்கி ஆயுள் முழுவதும் உடனிருப்பது. இரு சாராரையும் ஒன்றாக்கியது சங்கிலி ஒன்றே. இன்று நாம் படிக்கப்போவது இரண்டாம் வகையாரைப் பற்றி.

இவர்களில் சிலர் அடிக்கிறார்கள். தங்கள் கையைத் தாங்களே கடிக்கிறார்கள். தலையைச் சுவரில் மோதுகிறார்கள். இதற்கு ஊரார் சொல்லும் காரணங்கள் மூன்று: பிடிவாதம், பேய், பெற்றோர் செய்த பாவம். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இந்த மூன்றாம் காரணத்தைக் கேட்டபோது சேசுநாதர் அதை அடியோடு மறுத்தார் என்று அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். மனோதத்துவ சாஸ்திரம் இன்று தரும் விடை யாதெனில்: வாயினால் சொல்ல மாட்டாததை அவர்கள் உடம்பினால் சொல்லுகிறார்கள் என்பதே.

இது வெறும் யூகமல்ல. 1982-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிரயன் இவாட்டா என்பவரும் அவருடைய தோழர்களும், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு நிலைமைகளில் வைத்துக் கவனித்தார்கள். ஆறு பேருக்கு, ஏதேனும் ஒரு குறிப்பிட்ட நிலைமையில் மாத்திரம் அந்தச் செய்கை மிகுந்தது. ஒருவருக்குப் பாடம் சொல்லும்போது, வேறொருவருக்குத் தனித்திருக்கும்போது. 1985-ல் எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்ற இருவர் இன்னொரு படி சென்றார்கள். கடினமான வேலைக்கு அஞ்சி முரண்டு செய்த பிள்ளைகளுக்கு, புரியவில்லை என்று சொல்லப் பழக்கினார்கள். சொல்லக் கற்றதும் முரண்டு குறைந்தது. நம் நாட்டில், 1984-ல் ஏற்பட்ட செகந்திராபாத் தேசிய நிலையத்தைச் சேர்ந்த ரீத்தா பெஷாவரியா, வெங்கடேசன் ஆகிய இருவரும் 1992-ல் இம்முறையை ஆசிரியர்களுக்கான கைநூலாகவே எழுதி வைத்தார்கள்.

காவேரிப் பாசனத்தில் பிறந்த நமக்கு இது விளங்காததல்ல. வாய்க்காலின் மதகை மூடி வைத்தால் தண்ணீர் கரையை உடைக்கும். ஓரிடத்து உடைப்பை மண் கொட்டி அடைத்தால் மறு இடத்தில் உடைக்கும். மதகைத் திறப்பதே பரிகாரம். அடியும் கட்டும் உடைப்பில் கொட்டும் மண். பேச வழி காட்டுவதே மதகு.

அதற்கு மனோதத்துவ நிபுணர் கடைப்பிடிக்கும் ஒழுங்கை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, உடம்பைப் பார்ப்பது. பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், மாதவிடாய் வலி, வலிப்பு ஆகிய இவை ஒன்றையும் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதத்தான் செய்யும். ஆகையால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, முன்னும் பின்னும் பார்ப்பது. உதாரணமாக, பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கையைக் கடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது? கடித்த பின் என்ன கிடைத்தது? தினமும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வந்தால், அறுவடை இயந்திரம் தெருவில் வரும்போதும், கோயிலில் ஒலிபெருக்கி அலறும்போதும் கடிக்கிறான் என்பது தெரியவரும். கடித்தவுடன் தாய் அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போகிறாள்; அங்கே அமைதி கிடைக்கிறது. அவன் கேட்டது அமைதியே. கடித்தால்தான் அது கிடைக்குமென்று கற்றுக்கொண்டான்.

மூன்றாவது, கடிக்கு மாற்றாக வேறொரு வழியைக் கற்பிப்பது. காதைத் தொட்டுக் காட்டவோ, ஒரு படத்தைக் கையில் கொடுக்கவோ பழக்கி, அப்படிச் செய்த மறுகணமே வெளியே அழைத்துப்போவது. அப்பன், ஆத்தாள், அப்பாயி எல்லாரும் ஒரே விதமாய் நடக்க வேண்டும். பழைய வழிக்குப் பலன் கிடைக்காதபோது முதல் சில நாள் முரண்டு அதிகரிக்கவும் கூடும். அதைக் கண்டு பயந்து பாதியில் விட்டால் முரண்டு முன்னிலும் வேரூன்றும். இதற்காகவே தேர்ந்தவர் ஒருவர் கூடவிருந்து நடத்த வேண்டுமென்பது. அவர் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் அறிந்திருக்க வேண்டும். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைக் கொடுமையினின்றும் மனிதத்தன்மையற்ற நடத்தையினின்றும் காக்க அரசாங்கம் கடமைப்பட்டது என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். தஞ்சையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 2005-ல் ஏற்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது. மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் நடந்துவருகிறது.

ஆனால் நிபுணர் மாதம் ஒரு நாள் பார்க்கலாம்; மற்ற நாட்களில் பார்க்கிறவள் தாய். அவள் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவள் பிள்ளையைக் கட்டினாள் என்று குற்றம் சொல்லுமுன், அவள் நடவுக்குப் போகும் பொழுதில் அப்பிள்ளையோடு இரண்டு மணி நேரம் உட்கார நம்மில் யார் முன்வந்தோம் என்று கேட்டுக்கொள்வோம்.

அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்குள் அலைந்த ஒரு மனிதனைக் காண்கிறோம். ஊரார் அவனைப் பலமுறை சங்கிலியால் கட்டினார்கள், அவன் அறுத்தெறிந்தான். சேசுநாதர் கட்டவில்லை; அவனுடைய பெயரைக் கேட்டார். ஊரார் கேளாத கேள்வி அது.

இவ்வாரத்துப் பிரதிக்கினை: உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளையுள்ள வீடு ஒன்றுக்குச் சென்று, பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள். எந்த நேரத்தில் ஆள் துணை வேண்டுமென்று தாயைக் கேளுங்கள். பங்குத் திருவிழாவில் அந்தத் தெருவில் வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டாமென்று விழாக் குழுவாரும் தீர்மானிப்பார்களாக.