மகப்பேறின்மையும் மருத்துவ முறைகளும்

இல்லறத்தார் விரும்பும் பேறுகளுள் மக்கட்பேற்றினை நம் முன்னோர் தலைசிறந்ததாக வைத்து எண்ணினர். ஆயினும், அப்பேறு வாய்க்கப்பெறாத பெண்டிர்பால் உலகம் நடந்துகொள்ளும் முறையோ இரக்கமுடையதன்று. மலடி என்னும் வசைச்சொல் வீதிதோறும் கேட்கப்படுகின்றது; மலடன் என்னும் சொல்லோ அகராதியினுள்ளே உறங்கிக் கிடக்கின்றது. இவ்வேறுபாடு ஒன்றே, இவ்விஷயத்தில் நாம் அறிவின்வழி நடவாது வழக்கத்தின்வழி நடந்து வந்தோம் என்பதைக் காட்டப் போதியதாம். ஆதலின், பெண்களுக்கு உண்டாகும் மகப்பேறின்மையின் காரணங்கள் யாவை, அவற்றுக்கு வைத்திய சாஸ்திரம் வகுத்துள்ள சிகிச்சைகள் யாவை என்பவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

ஓராண்டுக் காலம் தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாதிருத்தலையே மருத்துவர் மகப்பேறின்மை என்பர். மனைவிக்கு வயது 35 நிரம்பியிருப்பின், ஆறு திங்கள் கழிந்தவுடனே சோதனை செய்துகொள்ளுதல் நன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோருள் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இக்குறையால் வருந்துகின்றனர். எனவே, இஃது அரிதாய் நேரும் தீவினைப்பயன் அன்று. பலர்க்கும் நேரும் ஒரு பிணிநிலையே.

சிகிச்சையை அறியுமுன் கரு உண்டாகும் வழியை அறிதல் வேண்டும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இரத்தத்தில் விடுக்கும் ஹார்மோன்களின் ஏவலால், திங்கள்தோறும் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட முட்டை ஒரு நாளளவே உயிரோடிருக்கும். ஆணின் விந்தணுக்களோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரையிலும் உயிரோடிருக்கக்கூடும். இரண்டும் கருக்குழாயினுள் கூடிக் கருவாகி, சில நாட்களில் கருப்பையை அடைந்து அதன் உட்சுவரில் ஊன்றுகின்றது. ஆகவே முட்டை வெளிப்படாமை, குழாய் அடைபட்டிருத்தல், கருப்பை இடங்கொடாமை, விந்தணுக் குறைவு என்னும் இவற்றுள் ஒன்று நேரினும் கரு உண்டாகாது.

இவற்றுள் இறுதியிற் கூறியது கணவனைச் சார்ந்தது. ஆடவரிடத்துள்ள குறை, தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஏறக்குறையப் பாதித் தம்பதிகளிடத்துக் காணப்படுகின்றது. விந்துப் பரிசோதனையோ எளியது, செலவு குறைந்தது, நோவில்லாதது. அவ்வெளிய சோதனைக்குக் கணவன் நாணிப் பின்வாங்க, மனைவி மட்டும் ஆண்டுக்கணக்காய் மருந்துண்டும் ஊசியேற்றும் அறுவைக்குட்பட்டும் வருந்துதல் நீதியோ? இருவரையும் ஒருங்கே சோதித்தபின்னரே சிகிச்சை தொடங்கல் வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடம் என்க.

இனிப் பெண்களுக்குரிய காரணங்களையும் சிகிச்சைகளையும் முறையே காண்போம்.

முதலாவது, முட்டை வெளிப்படாமை. மாதவிடாய் காலந்தவறி வருதலும் வாராதிருத்தலும் இதன் அடையாளங்கள். இதற்குப் பெரும்பான்மையான காரணம் சினைப்பை நீர்க்கட்டி நோய் என வழங்குவது. இந்நோயினைச் சிகாகோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவன்தால் என்பார் 1935இல் விளக்கி எழுதினர். இந்நோயுடையாருள் உடல் பருத்தவர், தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைப்பாராயின், மருந்தின்றியே முட்டை வெளிப்படுதல் பலரிடத்துக் காணப்பட்டுளது. தைராய்டுச் சுரப்பு மிகினும் குறையினும், புரோலாக்டின் என்னும் பால்சுரப்பு ஹார்மோன் மிகினும், முட்டை வெளிப்படாது; இவற்றை இரத்தச் சோதனையால் அறிந்து மாத்திரைகளால் சீர்செய்யலாம்.

முட்டையை முதிர்விக்கும் மருந்துகளுள் நெடுங்காலமாக வழங்கி வருவது கிளோமிபீன். இக்காலத்து நீர்க்கட்டி நோயினர்க்கு லெட்ரோஸோல் என்னும் மாத்திரை முதன்மையாகக் கொடுக்கப்படுகின்றது. இது உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாதலைச் சிலநாள் குறைக்கின்றது. அக்குறைவினை மூளை உணர்ந்து பிட்யூட்டரியைத் தூண்ட, முட்டை முதிர்கின்றது. அமெரிக்காவில் 750 பெண்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லெட்ரோஸோல் உண்டவருள் நூற்றுக்கு 27.5 பேரும், கிளோமிபீன் உண்டவருள் நூற்றுக்கு 19.1 பேரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றனர். மாத்திரைகளாற் பயன் காணாதவிடத்துப் பிட்யூட்டரி ஹார்மோன்களையே ஊசியால் ஏற்றுவர். இவ்வூசியால் பல முட்டைகள் ஒருங்கே முதிர்ந்து இரட்டையும் மூன்றுமாகக் கரு உண்டாதலும், சினைப்பை மிக வீங்கி வயிற்றில் நீர் கோத்தலும் நேரக்கூடுமாதலின், அடிக்கடி ஸ்கேன் பார்த்தே கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, கருக்குழாய் அடைபடல். முன்னே உண்டான தொற்றுநோய்கள் குழாயினுள் வடுவை உண்டாக்கி வழியை மறிக்கின்றன. நம் நாட்டில் இதற்குச் சிறப்பானதொரு காரணம் க்ஷயரோகமாம். நுரையீரலைப் பற்றுவதாகவே பலரும் கருதும் அந்நோய், யாதொரு குறியுங் காட்டாது கருக்குழாயினையும் கருப்பையின் உட்பரப்பினையும் அழித்துவிடுதலும் உண்டு. கருப்பையினுள் ஒரு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பதனால் அடைப்பினை அறியலாம். வயிற்றில் சிறு துளையிட்டு லேப்பராஸ்கோப் கருவியால் நேரே காணவும் கூடும். அடைப்புச் சிறிதாயின் அறுவையால் நீக்குவர். குழாய் நீர்கோத்து வீங்கியிருப்பின், அந்நீர் கருவுக்குத் தீங்கு செய்வதால், அக்குழாயை நீக்கியோ கட்டியோ பின்னர்ச் சோதனைக்குழாய் முறையை மேற்கொள்ளுவர்.

மூன்றாவது, கருப்பையினுள்ளும் அதனைச் சூழவும் உண்டாகும் நோய்கள். கருப்பையின் உட்பரப்பை நோக்கி வளரும் நார்க்கட்டிகளையும், உள்ளே தொங்கும் சதை வளர்ச்சிகளையும் அறுவையால் அகற்றலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்சவ்வைப் போன்றதொரு சவ்வு வெளியிடங்களில் வளர்ந்து, மாதவிடாய்க் காலத்துக் கடுநோவு உண்டாக்கும் பிணியாம். பெண்ணுக்கு அந்நோவு இயல்பே என்று வீட்டார் புறக்கணிப்பதனால், இந்நோய் பல ஆண்டுகள் அறியப்படாமலே முற்றுகின்றது.

நான்காவது, வயது. பெண்மகவு தான் பெறவிருக்கும் முட்டைகள் அனைத்தையும் தன்னுள்ளே கொண்டே பிறக்கின்றது. பின்னர்ப் புதியன உண்டாவதில்லை. 35 வயதுக்குப்பின் அவற்றின் எண்ணும் தரமும் விரைந்து குறைகின்றன. இதனை மீட்டுத் தரும் மருந்து யாதொன்றும் இல்லை. இழந்த ஆண்டுகளே இவ்விஷயத்தில் பெருநஷ்டம் என்பதை நண்பர்கள் குறிக்கொள்வாராக.

காரணம் யாதும் புலப்படாத தம்பதிகளுக்கும், விந்தணு சிறிதே குறைந்தவர்க்கும், தூய்மை செய்த விந்தினை முட்டை வெளிப்படுங் காலத்துக் கருப்பையினுள் நேரே செலுத்தும் முறை உண்டு. இதற்குக் குழாய் ஒன்றேனும் திறந்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பயன்படாதவிடத்துக் கையாளுவது சோதனைக்குழாய் முறை. இங்கிலாந்து தேசத்து எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி என்னும் மூவரின் நெடுநாள் முயற்சியால், 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் தேதி ஓல்டாம் நகரத்தில் லூயிஸ் பிரௌன் என்னும் பெண்மகவு பிறந்தது. அம்மகவின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. எட்வர்ட்ஸ் 2010இல் நோபெல் பரிசு பெற்றார். மற்றையிருவரும் அதனைக் காணாதே மறைந்தனர். அதே 1978ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி என்பாரின் முயற்சியால் நம் நாட்டிலும் அவ்வாறு ஒரு மகவு பிறந்தது. ஆனால் அவர் கூற்றினை அதிகாரிகள் நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே, டாக்டர் ஆனந்தகுமார் அவர்தம் குறிப்புகளை ஆராய்ந்து, அவர் செய்தது மெய்யென உலகறியச் செய்தார். அறிஞரைக் காலத்தில் மதியாத நாடு எத்துணை இழக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்முறையில், ஏறக்குறையப் பத்து நாட்கள் ஊசியேற்றிப் பல முட்டைகளை முதிர்விப்பர்; மெல்லிய ஊசியால் அவற்றை வெளியே எடுத்து விந்தணுக்களோடு சேர்ப்பர்; விந்தணு மிகக் குறைவாயின் ஒவ்வொரு முட்டையினுள்ளும் ஒரே அணுவைச் செலுத்துவர். உண்டான கருவை மூன்று அல்லது ஐந்து நாள் வளர்த்துக் கருப்பையில் வைப்பர். எஞ்சிய கருக்களை உறையவைத்துப் பின்னர்ப் பயன்படுத்தவுங் கூடும். ஆயினும் இம்முறை ஒருபோதும் தவறாததென எண்ணற்க. 35 வயதுக்குட்பட்டாரிடத்தும், வைக்கப்படும் கருக்களுள் மூன்றில் ஒருபங்கு அளவே பிள்ளையாகப் பிறக்கின்றது; 43 வயதைக் கடந்தவர் தம் முட்டையைக் கொண்டே முயலின், இருபதில் ஒன்று பலிப்பதும் அரிது. நூற்றுக்கு நூறு பலிக்கும் என விளம்பரம் செய்வாரிடத்து எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நம் நாட்டில் இத்துறையினை ஒழுங்குபடுத்த 2021இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி இச்சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 50 வயது நிரம்பிய பெண்ணுக்கு இச்சிகிச்சை செய்தலாகாது.

சிகிச்சை தொடங்குவார், செலவு எவ்வளவு, தம் வயதினர்க்குப் பயன் எவ்வளவு, எத்துணை முறை முயன்று நிறுத்துவது என்னும் மூன்றனையும் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. நிலம் விற்றும் நகை அடகு வைத்தும் முடிவின்றி முயல்வதினும், எல்லை வகுத்துக்கொண்டு முயலுதல் அறிவுடைமை. கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உண்ணலும், புகையிலையை இருவரும் ஒழித்தலும் யாவர்க்கும் எளிய உதவிகளாம்.

எல்லா முயற்சியும் பயனின்றிப் போதலும் உண்டு. அந்நிலையில் பெற்றோரற்ற மகவொன்றைச் சட்டப்படி தத்தெடுத்து வளர்த்தல் ஒரு வழி. இருவராய் நிறைவுற வாழ்தலும் ஒரு வழி. இரண்டும் குறைபட்ட வாழ்க்கையல்ல. கல்லூரியிற் பயிலும் நாம் நாளை கணவராயும் மனைவியராயும், மாமியாராயும் மாமனாராயும் ஆகவிருக்கின்றோம். அக்காலத்து நம் வீட்டில் மலடி என்னும் சொல் வழங்காதிருக்கச் செய்வோமாயின், கற்ற கல்வியின் பயனுள் அதுவும் ஒன்றாம்.