விசா 2031 வரை இருக்கிறது, அப்புறம் என்ன அவசரம்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் மயிலாப்பூரிலிருந்து டெக்சாஸ் வந்தோம். அடுத்த வாரம் வளைகுடா வழியாகத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். வான்வழி மூடல் என்று விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். இனி மூன்று வாரம் கழித்துத்தான் இடமாம். டிக்கெட் போட்டுக் கொடுத்த தி.நகர் ஏஜென்ட், "விசாதான் 2031 வரைக்கும் இருக்கே மாமி, பேசாம இருங்கோ" என்கிறார். மாப்பிள்ளையோ ஐ-94 ஒன்பது நாளில் முடிகிறது என்கிறார். யார் சொல்வது சரி? ஹூஸ்டனில் இருக்கும் நம் தூதரகத்தில் நீட்டித்துத் தருவார்களா? கணவருக்கு வயது 74, பிபி மாத்திரையும் தீரப் போகிறது. இன்னொன்று: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என் தங்கை மகள் எங்கள் மந்தைவெளி வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளுக்கும் இதே விமானப் பிரச்சினைதான்.

- வாசகி, மயிலாப்பூர்

பதில்: மாப்பிள்ளை சொல்வதுதான் சரி, அம்மா. விசா என்பது வாசல் வரை வருவதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை, நீங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலைய அதிகாரி முடிவு செய்துவிட்டார். அதுதான் ஐ-94. பி-2 விசாவில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் எந்த வருடம் போட்டிருந்தாலும் இந்தத் தேதிதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாது என்கிறது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். அடுத்த முறை பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் முதலிலிருந்து மனுப் போட வேண்டும். அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கித் திரும்பினால் மூன்று வருடம், ஒரு வருடமானால் பத்து வருடம் உள்ளே வரத் தடை. "ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர் அந்தத் தடையைச் சுமக்கப் போவதில்லை. நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

"விமானமே இல்லாதபோது நாங்கள் என்ன செய்வோம்? அவர்களுக்குப் புரியாதா?" என்று நினைப்பீர்கள். புரியும், ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால்தான். கொரோனா பரவிய 2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 22 முதல் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் இறங்க இந்தியா தடை போட்டது. வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27-ல்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போன நம்மூர்ப் பெரியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டன், ஊர் திரும்ப முடியாதவர்களின் விசாவைப் பொது அறிவிப்பாக அந்த ஜூலை 31 வரை நீட்டித்தது. அமெரிக்கா அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பியுங்கள் என்று ஏப்ரலில் சொன்னது. அந்தக் காலத்திலேயே அப்படியென்றால், மூன்று வார விமானத் தடங்கலுக்குத் தானாக எந்தச் சலுகையும் வராது.

எனவே முதலில் வேறு வழியாக, இந்த ஒன்பது நாளுக்குள் இடம் கிடைக்கிறதா என்று விமான நிறுவனத்தை நச்சரியுங்கள். சென்னைக்கு லண்டன் வழியாகவும் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் வரலாம். இடையில் ட்ரான்சிட் விசா வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்கும் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். இன்று இரவே மகளை உட்காரவைத்து, அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் இணையதளத்தில் ஐ-539 படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். தபால் வேண்டாம். தபாலில் அனுப்பினால் நீங்கள் அஞ்சலில் சேர்த்த தேதி கணக்கில் வராது, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் வரும். ஒன்பது நாளில் அந்தச் சூதாட்டம் தேவையில்லை. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் 420 டாலர். கட்டும் அன்று தொகையை ஒருமுறை சரிபாருங்கள். விமானம் ரத்தான மின்னஞ்சல், புதிய தேதியிட்ட டிக்கெட், செலவுக்கு மகள் பொறுப்பு என்ற கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இணைக்க வேண்டும். ஊர் திரும்பத்தான் போகிறீர்கள் என்பதற்கு உங்கள் பென்ஷன் பாஸ்புக்கும் மயிலாப்பூர் வீட்டின் சொத்துவரி ரசீதும் நல்ல சாட்சி. இங்கே யாரிடமாவது வீட்டுச் சாவி இருந்தால் அவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மனு போய்ச் சேர்ந்ததும் ரசீது வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள். கெடு முடிவதற்குள் முறையாகப் போட்ட மனு நிலுவையில் இருக்கும் வரை அந்த 180 நாள் கணக்கு ஓடாது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காகக் காத்திருக்காமல் விமானம் கிடைத்த அன்றே கிளம்பிவிடுங்கள். ரசீது, போர்டிங் பாஸ் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், பின்னாளில் கேட்பார்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால், உங்கள் கையை மீறிய காரணத்தால் தாமதம் என்று ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம். மன்னிப்பது அதிகாரியின் விருப்பம் என்பதால் அந்த நிலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஹூஸ்டனில் உள்ள நம் துணைத் தூதரகம் அமெரிக்க அனுமதியை நீட்டிக்க முடியாது. ஆனாலும் அங்கே பதிவு செய்யுங்கள். 2020 மே 7-ல், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது, யாரை முதலில் ஏற்றுவது என்ற பட்டியலில் விசா முடியப்போகிறவர்களும் முதியவர்களும் இருந்தார்கள். தூதரகத்தில் பதிவு செய்தவர்களிலிருந்துதான் தேர்ந்தெடுத்தார்கள்.

மாத்திரை விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். உதாரணமாக, இங்கே டெல்மா என்று வாங்குவதை அங்குள்ள மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் தெரியாது. டெல்மிசார்ட்டன், எத்தனை மில்லிகிராம் என்று மூலப்பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். நம்மூர் மருத்துவரின் சீட்டு அங்கே செல்லாது, உள்ளூர் மருத்துவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். மாத்திரை தீரும் வரை காத்திருக்க வேண்டாம். பயணக் காப்பீட்டையும் முடியும் முன்பே நீட்டிக்கக் கேளுங்கள்.

மந்தைவெளியில் இருக்கும் பெண்ணுக்கு, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம்தான் வழி. சென்னை அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2020-ல் சிக்கியிருந்த வெளிநாட்டவரின் விசாவை உள்துறை அமைச்சகம் கட்டணமின்றி நீட்டித்தது. இப்போது அப்படி அறிவிப்பு வரும் என்று எண்ணி இருக்க வேண்டாம். விசா முடிவதற்குள் விமான ரத்துக் கடிதத்தோடு அவளே விண்ணப்பிக்கட்டும். தேதி தாண்டிவிட்டால் வெளியேறும் அனுமதி வாங்காமல் மீனம்பாக்கத்தில் குடியேற்றச் சோதனையைக் கடக்க முடியாது.