வன்தட்டுக்கு ஏற்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தல்

நிலத்தை அளந்து புல எண்களாகப் பிரித்து, எந்த எண் யாருக்கு உரியது என்பதைப் பதிவேட்டில் எழுதி வைப்பதை அனைவரும் அறிவர். கணிப்பொறியின் வன்தட்டிலும் இத்தகைய ஏற்பாடே உள்ளது. தட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் உள்ளது என்பது தட்டிலேயே ஒரு பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. இவ்வேற்பாட்டுக்குக் கோப்பு முறை என்று பெயர். பதிவேடு சிதைந்தால், செய்திகள் தட்டில் இருந்தும் அவற்றைக் கண்டெடுத்தல் அரிதாகும். களப்பணியாளர் பல மாதங்கள் திரட்டிய கணக்குகள் இவ்வாறு கைவிட்டுப் போகக்கூடும்.

1. கோப்பின் அளவு

1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்புடன் வந்த ஃபாட் 32 முறையை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அறியும். ஆயினும் அதில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடமே உண்டு. ஆகவே ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 4 ஜிகாபைட்டுக்கு, மேற்படலாகாது. தட்டில் 900 ஜிகாபைட் காலியாக இருப்பினும் 5 ஜிகாபைட் பாடக் காட்சி ஒன்றை அதில் எழுத முடியாது. இக்குறையை நீக்க 2006-இல் எக்ஸ்ஃபாட் முறை வெளிவந்தது.

2. கட்டத்தின் அளவு

ஒரு கட்டத்தை இரு கோப்புகள் பொதுவாகப் பகிர்வதில்லை. 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டை எக்ஸ்ஃபாட் முறையில் ஒழுங்குபடுத்தும்போது, விண்டோஸ் தானாக அமைக்கும் கட்டம் 128 கிலோபைட் ஆகும். என்.டி.எஃப்.எஸ். முறையில் வழக்கமான கட்டம் 4 கிலோபைட். 10 கிலோபைட் அளவுள்ள 10,000 கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். உள்ளடக்கம் 1,00,000 கிலோபைட். என்.டி.எஃப்.எஸ். முறையில் இவை கொள்ளும் இடம் சுமார் 1,20,000 கிலோபைட். எக்ஸ்ஃபாட் முறையிலோ 12,80,000 கிலோபைட். சிறு கோப்புகள் மிகுந்த அலுவலகத்திற்கு இவ்வேறுபாடு பெரிது.

3. மின்தடையும் குறிப்பேடும்

கணக்கர் ஒவ்வொரு வரவையும் செலவையும் முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னரே பேரேட்டில் ஏற்றுவார். 1993-இல் தோன்றிய என்.டி.எஃப்.எஸ்., 2008-இல் நிலைபெற்ற லினக்ஸின் எக்ஸ்ட் 4 ஆகிய இரண்டும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. பதிவேட்டில் செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னரே குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் நின்றாலும் மீண்டும் இயங்கும்போது பதிவேடு சீர்ப்படும். அவ்வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு மட்டும் குறைபடலாம். ஃபாட் 32, எக்ஸ்ஃபாட் ஆகியவற்றில் இக்குறிப்பேடு இல்லை. எனவே அவற்றை முறைப்படி விடுவித்த பின்னரே கணிப்பொறியிலிருந்து பிரிக்க வேண்டும். இன்னார் மட்டுமே திறக்கலாம் என்ற உரிமைக் கட்டுப்பாடும் இவ்விரு முறைகளில் கிடையாது.

4. எதற்கு எது?

விண்டோஸ் கணிப்பொறியின் உள் வன்தட்டுக்கு என்.டி.எஃப்.எஸ். ஏற்றது. லினக்ஸுக்கும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் எக்ஸ்ட் 4 பொருந்தும். ஆப்பிள் கணிப்பொறிகளுக்கு 2017 முதல் ஏ.பி.எஃப்.எஸ். உள்ளது. பல்வகைக் கணிப்பொறிகளுக்கிடையே எடுத்துச் செல்லும் தட்டுக்கு எக்ஸ்ஃபாட் தகும். 2019 முதல் லினக்ஸின் கருநிரலும் அதனை ஏற்றுள்ளது. ஆப்பிள் கணிப்பொறி என்.டி.எஃப்.எஸ். தட்டைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. பழைய கருவிகளுக்கும் சிறு பென் டிரைவ்களுக்கும் ஃபாட் 32 போதும்.

5. எச்சரிக்கை

எக்ஸ்ட் 4 தட்டை விண்டோஸ் கணிப்பொறியில் செருகினால், அதனை அறியாத விண்டோஸ், தட்டை ‘பார்மட்’ செய்யவேண்டும் என்று அறிவிக்கக்கூடும். தட்டில் பழுது ஏதுமில்லை. இசைந்துவிட்டால் பழைய பதிவேடு அழிந்து, உள்ளவற்றை மீட்பது அரிதாகும். கோப்பு முறையை மாற்ற விரும்புவோர் முதலில் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்து, அப்படியைத் திறந்து சரிபார்த்த பின்னரே தொடங்குக. எந்தக் கோப்பு முறையும் இரண்டாம் படிக்கு ஈடாகாது. தட்டே பழுதுற்றால் குறிப்பேடும் அதனுடன் போய்விடும்.

வகுப்பிற்குரிய சோதனை

எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட் 32 முறையிலுள்ள பென் டிரைவில், ஒரே ஒரு சொல் அடங்கிய கோப்பைச் சேமிக்கவும். விண்டோஸில் அதன் பண்புகளைத் திறந்தால் கோப்பின் அளவும், தட்டில் அது கொள்ளும் அளவும் தனித்தனியே காணப்படும். இரண்டாவது எண்ணே ஒரு கட்டத்தின் அளவாகும்.

வினாக்கள்

1. தட்டில் இடமிருந்தும் 5 ஜிகாபைட் கோப்பை ஃபாட் 32 ஏற்காதது ஏன்?
2. 130 கிலோபைட் கோப்பு ஒன்று, 128 கிலோபைட் கட்டமுள்ள தட்டில் எவ்வளவு இடம் கொள்ளும்?
3. மின்தடை மிகுந்த ஊரிலுள்ள அலுவலகக் கணிப்பொறிக்கு எம்முறையைப் பரிந்துரைப்பீர்? காரணம் கூறுக.