வாகன விற்பனையகம்: நேற்றும் நாளையும்

நுழையும்முன்

ஒரு பொருளை உருவாக்குபவர் ஒருவர். அதனைப் பயன்படுத்துபவர் மற்றொருவர். இருவரையும் இணைப்பவர் வணிகர். மகிழுந்து வணிகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கும் இவ்வுறவு இன்று மாற்றம் காண்கிறது. திறன்பேசியில் பதிவு செய்தால் வாகனம் வீட்டு வாயிலுக்கே வந்துசேரும் காலத்தில் விற்பனையகத்துக்கு இடமுண்டா? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மரபுவழி விற்பனை

வாகன நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்குவோருக்கு நேரடியாக விற்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் தகுதியுடைய ஒருவருக்கு விற்பனை உரிமையை ஒப்பந்தத்தின் வழியே அளிக்கின்றன. மக்கள் வழக்கில் ‘டீலர்’ எனப்படும் அவ்விற்பனையாளர் தம் முதலீட்டில் காட்சியகம் அமைக்கிறார். வங்கிக் கடன் பெற்று வாகனங்களை வாங்கி இருப்பு வைக்கிறார். பதிவு, காப்பீடு, கடன் ஆகியவற்றுக்கு உதவுகிறார். விற்றபின் பழுதும் நீக்கித் தருகிறார்.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911 ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய போக்குவரத்து நிறுவனம், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் விற்பனையாளராகவும் வளர்ந்தது. விடுதலைக்குப் பின் பல்லாண்டுகள் வாகனங்கள் அரிதாகவே கிடைத்தன. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1991 ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. மறைமலைநகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. காத்திருந்த வாடிக்கையாளரை விற்பனையகங்கள் தேடிச் செல்லும் நிலை உருவானது.

இருவகைக் கணக்கு

வாகனம் தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டவுடனேயே நிறுவனத்தின் கணக்கில் அது விற்றதாகிவிடுகிறது. வாங்கியவர் பெயரில் அது பதிவாகும்போதுதான் சில்லறை விற்பனை நிறைவுறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் வாகனம் விற்பனையாளரின் இடத்தில் நிற்கிறது. கடனுக்கான வட்டியும் வளர்கிறது. ஆகவேதான் இந்திய வாகன விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு, அரசின் ‘வாகன்’ பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு மாதந்தோறும் தனியே ஒரு கணக்கை வெளியிடுகிறது. ஒரே தொழிலின் வளர்ச்சியை இரு கணக்குகள் இருவேறாகக் காட்டுவதும் உண்டு.

நிறுவனம் விலகும்போது

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 ஆம் ஆண்டில் இந்திய விற்பனையை நிறுத்தியது. இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அப்போது ஃபோர்டுக்கு நாடெங்கும் ஏறத்தாழ 170 விற்பனையாளர்கள் இருந்தனர். ஒரு நிறுவனத்தின் பெயரை நம்பி எழுப்பிய கட்டடமும், அதன் வாகனங்களுக்கென வாங்கிய கருவிகளும், பயிற்சி பெற்ற பணியாளர்களும் ஓர் அறிவிப்பால் நிலைகுலைந்த காலம் அது.

அமெரிக்காவில் விற்பனையாளரைக் காக்க 1956 ஆம் ஆண்டிலேயே கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. உற்பத்தியாளர் நேரடியாக விற்பதைப் பல மாநிலங்களின் சட்டங்கள் தடுக்கின்றன, அல்லது கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தமே உரிமைகளைத் தீர்மானிக்கிறது. எனவே பாதுகாப்புச் சட்டம் வேண்டுமென விற்பனையாளர்கள் கோரி வருகின்றனர்.

நேரடி விற்பனை

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் இடையில் விற்பனையாளரை வைக்காமல், தன் சொந்தக் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் முறையைக் கைக்கொண்டது. 2025 ஜூலையில் மும்பையில் தன் முதல் இந்தியக் காட்சியகத்தையும் திறந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை அமைத்த ஓலா எலக்ட்ரிக், 2021 ஆம் ஆண்டில் மின் இருசக்கர வாகனங்களை இணையவழியில் விற்கத் தொடங்கியது. பின்னர் அதுவே கடைகளையும் திறந்தது. 2024 டிசம்பரில் தன் கடைகளின் எண்ணிக்கை 4,000 ஆனதாக அறிவித்தது. அவற்றோடு பழுதுநீக்கும் வசதியையும் இணைத்தது. இணையத்தில் விலை பார்க்கலாம், நிறம் தேர்ந்தெடுக்கலாம், பணமும் செலுத்தலாம். பழுதடைந்த வாகனத்தைச் சீராக்க ஓர் இடமும் கைத்திறன் வாய்ந்த மனிதரும் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முகவர் முறை

இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்டது முகவர் முறை. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 ஆம் ஆண்டில் இதனை இந்தியாவில் நடைமுறைப்படுத்தியது. இதில் வாகன இருப்பு நிறுவனத்துக்கே உரியது. விலைப்பட்டியலும் நிறுவனத்தின் பெயரிலேயே அமையும். விற்பனையாளர் வாகனத்தைக் காட்டி, வாங்குவோருக்கு வழிகாட்டி, ஒப்படைத்துத் தரகு பெறுகிறார். அவருக்கு இருப்பின் சுமை குறைகிறது. விலையைத் தீர்மானிக்கும் உரிமையும் குறைகிறது. பேரம் பேசி வாங்கும் வழக்கமும் மறைகிறது. ஐரோப்பாவில் இம்முறைக்கு மாறத் திட்டமிட்ட சில நிறுவனங்கள் பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டன. எனவே, இதுவே எங்கும் நிலைபெறும் என உறுதியாகக் கூறவியலாது.

மின்னூர்தி தரும் அறைகூவல்

புதிய வாகன விற்பனையில் கிடைக்கும் ஆதாயம் குறைவு. பழுதுநீக்கமும் உதிரிப்பாகங்களுமே விற்பனையாளருக்கு நிலையான வருவாய் தருபவை. மின்னூர்தியில் இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை. தேயும் பாகங்களும் குறைவு. சில குறைகளை இணையம் வழியாகவே மென்பொருளை மாற்றிச் சரிசெய்துவிடலாம். அதே வேளையில் மின்கலத்தின் நிலையறிதல், உயர் மின்னழுத்தப் பகுதிகளைப் பாதுகாப்பாகக் கையாளுதல், பழைய வாகனத்தை மதிப்பிடுதல் எனப் புதிய பணிகளும் தோன்றியுள்ளன. இவற்றைக் கற்றுத் தேர்ந்த பணியாளர்களே நாளைய விற்பனையகத்தின் முதலீடாவர்.

நிறைவாக

வாகனம் விற்கும் வழி எதுவாயினும் ஆகலாம். ஆனால், வழியில் நின்றுபோன வாகனத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினா மாறாது. அவ்வினாவுக்கு விடை சொல்ல ஊரில் ஒருவர் இருக்கும்வரை விற்பனையகத்துக்கு வாழ்வுண்டு. அவ்வாறு பொறுப்பேற்பவருக்கும் அவரிடம் பணிபுரிவோருக்கும் உரிய பாதுகாப்பு அளிப்பது தொழில் வளர்ச்சியின் ஒரு பகுதியே ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள வாகன விற்பனையகம் ஒன்றுக்குச் சென்று, அங்கு நிகழும் பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் இணையவழியில் செய்யக்கூடியவை எவை எனப் பிரித்தெழுதுக.
2. ‘நேரடி விற்பனையால் பெரிதும் பயனடைபவர் வாங்குவோரே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.