கிணற்றடியில் நிற்பவருக்கு எழுதும்

அன்பின் தங்கச்சி,

நெடுந்தீவின் நல்ல தண்ணியைப் பற்றி நீர் எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எடுத்துக்கொண்ட விசயம் எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் முதல் பந்தியிலேயே ‘நிலக்கீழ் நன்னீர் வில்லை’, ‘நீர்நிலையியல் சமநிலை’, ‘அடர்த்தி வேறுபாடு’ என்று மூன்று சொற்கள் படலையை மறித்துக்கொண்டு நிற்கின்றன. பிழையான சொற்கள் அல்ல. ஆனால் உமது வாசகர், விடியப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிற மனுசி. தண்ணியை வாயில் விட்டதுமே சவரா இல்லையா என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்காமல், உமக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்கிவிட்டீர்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன். வாலிப வயதில், வேலணையில், ஒரு கையெழுத்துச் சஞ்சிகைக்குக் கிணறுகளைப் பற்றி எழுதி, அயலில் இருந்த ஆச்சி ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “அது சரி மோனை, என்ர கிணறு நல்ல தண்ணி. வேலிக்கு அங்கால உள்ளது ஏன் சவர்?” என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. நான் எழுதிய எட்டுப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை. அன்றிலிருந்து எதை எழுதினாலும், அதைக் கேட்டுவிட்டு அந்த ஆச்சி அடுத்து என்ன கேட்பார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

உமது கட்டுரைக்கு வருவோம். உப்புத் தண்ணிக்கு மேல் நல்ல தண்ணி நிற்பதை விளக்க மேல்நாட்டுப் புத்தகங்கள் பனிப்பாறையைக் காட்டும். எங்கள் சனம் பனிப்பாறையை எங்கே கண்டது? எங்களுக்கு வள்ளம் இருக்கிறது. பாரம் ஏற்றிய வள்ளம் கொஞ்சம் மேலே தெரியும், மிச்சம் தண்ணிக்குள் அமிழ்ந்திருக்கும். மாரி மழை கல்லுக்குள்ளால் இறங்கி, அடியில் ஊறி நிற்கிற கடல் தண்ணிக்கு மேல் அப்படித்தான் மிதக்கிறது. மழைத்தண்ணியைவிடக் கடல் தண்ணி லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் பாரம் கூட. ஒரு லீற்றர் மழைத்தண்ணியின் 1000 கிராமை 25ஆல் வகுத்துப் பாரும், 40 வரும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே 40 அடி நிற்கும். இந்தக் கணக்கை 1880களின் கடைசியில் எழுதிவைத்தவர் பாடன் கைபன் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர். தங்கள் நகரமொன்றின் பெயரை நெடுந்தீவுக்கு ‘டெல்வ்ற்’ என்று வைத்துப்போன அதே நாட்டுக்காரர். வடகடல் தீவுகளின் கிணறுகளைப் பார்த்து அதே முடிவுக்குத் தனியாக வந்த ஹெர்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியர் 1901இல் அதை வெளியிட்டார். இதற்கு மேல் வரலாறு வேண்டாம்.

நீர் நின்று எழுதவேண்டிய இடம் அடுத்ததுதான். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டும். மெசினைப் பூட்டி ஒரே மூச்சில் இறைத்துக் கிணற்று மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியில் இருக்கிற உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். துலாவில் பட்டை கட்டி இறைத்த காலத்தில் கை வலித்தால் மனிசன் நின்றுவிடுவான், கிணறு ஊறிக்கொள்ளும். மெசினுக்குக் கை வலிப்பதில்லை. ‘இன்னும் ஆழமாய் வெட்டினால் நல்ல தண்ணி வரும்’ என்பது வேறு ஊர்களில் சரியாக இருக்கலாம். எங்கள் தீவுகளில் ஆழப் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறோம். பழைய ஆட்கள் ஆழம் குறைந்த துரவுகளோடு நின்றுகொண்டது சோம்பலால் அல்ல. ஒருமுறை உப்பு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் வாளிக் கணக்கில் சொல்லும். 50 வாளி நல்ல தண்ணிக்குள் ஒரு வாளி கடல் தண்ணி கலந்தாலே போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். இப்படி எழுதினால், மெசின் வாங்க யோசிக்கிற ஒருவர் உமது கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்.

வள்ளத்தைச் சொன்னீர் என்றால், வள்ளம் எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். வள்ளத்துக்குப் பலகை உண்டு. நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் நடுவில் பலகை இல்லை. கல்லுக்குள் தண்ணி மெல்ல ஊர்வதால்தான் இரண்டும் சட்டென்று கலந்துபோகாமல் இருக்கின்றன. அதோடு நல்ல தண்ணி ஓரங்களால் கடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது, மாரி வந்துதான் அதை ஈடுசெய்கிறது. 40 என்ற கணக்கும் சீரான மணலுக்குப் பொருந்துவது. எங்களுடையது வெடிப்பும் பொந்தும் விழுந்த சுண்ணக்கல். ஒரு வெடிப்பு கடல் பக்கம் திறந்திருந்தால், அதன் மேல் வெட்டிய கிணறு முந்திச் சவராகும், பக்கத்துக் கிணறு தப்பும். ஆச்சியின் கேள்விக்கு மறுமொழி இதுதான். அதை நான் அறிந்துகொண்டபோது அவர் உயிரோடு இல்லை.

சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர். சாமுவேல் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூறும் பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் தமிழ்ப் புத்தகங்களாகின. படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேல். 1875இல் வந்த இரசாயனப் புத்தகத்தின் பெயர் ‘கெமிஸ்தம்’. அந்தச் சொல் நிலைக்கவில்லை, ஆனால் இந்தப் பாசையில் இதைச் சொல்லமுடியும் என்ற துணிவு நிலைத்தது. ஆகவே சொல்லுக்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். எங்கள் பிள்ளைகள் ‘ஒட்சிசன்’, ‘காபனீரொட்சைட்டு’ என்று படிக்கிறார்கள். சென்னைப் புத்தகத்தைப் பார்த்து அதை மாற்றாதேயும். உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிற நல்ல தண்ணிக்கு ‘நன்னீர் வில்லை’ என்ற பெயர் வேண்டுமென்றால் கடைசிப் பந்தியில் வரட்டும். பொருள் விளங்கிய பிறகு வருகிற பெயரை எவரும் மறப்பதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் உம்மோடு எனக்குக் கோபம். வளர்வதாக நம்பி நெடுந்தீவுச் சனம் கும்பிடுகிற ‘வளரும் கல்’லைப் பற்றி எழுதும்போது ‘மூடநம்பிக்கை’ என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டீர். கடலுக்குள் உயிரோடு இருக்கிற முருகை வளரும் என்பதைத் தீவுச் சனம் உம்மைவிட நன்றாக அறியும். தங்கள் மதில்களையே முருகைக்கல்லால் அடுக்கியவர்கள் அல்லவா? ஒரு காலத்தில் வளர்ந்த பொருளைத்தான் அவர்கள் ‘வளரும்’ என்கிறார்கள். கரையில் நிற்கிற கல்லில் இப்போது உயிர் இல்லை என்று நீர் சொல்வது சரிதான். ஆனால் அதைத் தீர்ப்பாக எழுதாமல் அளந்து எழுதும். உமது வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், கும்பிடுகிறவர்களிடம் அனுமதி கேட்டு, கல்லைத் தொடாமல், பக்கத்தில் அசையாத ஒன்றிலிருந்து உயரத்தை எடுத்துக் குறித்துவையும். கல் நிற்கிற மண் கரைகிறதா என்பதையும் சேர்த்துப் பாரும், மண் இறங்கினாலும் கல் உயர்ந்தமாதிரித்தான் தெரியும். அடுத்த வருசம் வேறு பிள்ளைகள் அளக்கட்டும். கொப்பியில் இருக்கிற இலக்கங்களை ஊரே பார்க்கட்டும்.

கிணற்றுக்கும் இதே வேலை இருக்கிறது. தை பிறந்ததும் உங்கள் கிணற்றின் கட்டில் இருந்து தண்ணி மட்டத்துக்குக் கயிறு விட்டு அளந்து, அன்றைய ருசியையும் எழுதிவையும். ஆவணியில் மறுபடி அளந்து பாரும். வேலிக்கு அங்கால உள்ள கிணற்றையும் விடாதேயும். இரண்டு அளவும் கையில் கிடைத்த பிறகு கட்டுரையைத் திருப்பி எழுதி அனுப்பும், வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணர்